இரண்டு தேக்கரண்டி மகரந்தம்: குளக்கட்டில் தனியே விழுந்தவளின் கணக்கு

தேனீ மகரந்தத்துக்கென்று நான்கு மாதங்களில் நான் செலவழித்த தொகை 21,100 ரூபாய். முதல் இரண்டு போத்தல்களும் தலா 6,800 ரூபாய், மூன்றாவது 7,500 ரூபாய். அலுவலகத்தில் நாள் முழுவதும் பிறருடைய செலவுக் கணக்குகளைச் சரிபார்க்கிற எனக்கு, என்னுடைய இந்தக் கணக்கை எழுத ஒரு வருடம் பிடித்தது; வெட்கந்தான் காரணம். காசை விடப் பெரிய இழப்புகளும் உண்டு: வைத்தியசாலையில் இரண்டு நாள், விடுமுறையில் ஆறு நாள், எட்டு மாதம் பயிற்சி செய்தும் ஓட முடியாமற்போன ஒரு போட்டி, இன்றைக்கும் தேன் போத்தலைக் கண்டால் நெஞ்சில் எழும் பதற்றம். வாங்குவதற்கு முன் யாராவது ஒருவர், "பிள்ளை, உனக்குப் பீனிசம் இருக்குதல்லோ, அதைத் தொடாதை" என்று சொல்லியிருந்தால் இவ்வளவும் நடந்திருக்காது. எனக்குச் சொல்ல எவரும் இருக்கவில்லை, ஆகையால் நான் எழுதுகிறேன்.

நான் முல்லைத்தீவு மாவட்டத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தராக இருக்கிறேன். கணவர் கட்டாரில் வேலை செய்கிறார், நான் ஒட்டுசுட்டான் பக்கத்தில் வாடகை வீட்டில் தனியே இருக்கிறேன். பாடசாலைக் காலத்தில் 1500 மீற்றர் ஓடியவள். இடப்பெயர்வுகள் அந்த ஓட்டத்தை நிறுத்தின; 2009இல் முகாமின் புழுதிக்குள் இருந்த மாதங்களில் முட்டு, அதாவது மூச்சிழுப்பு, வந்து, இரவில் படுக்க முடியாமல் கூடாரத்தின் கம்பில் சாய்ந்தபடியே விடியும்வரை இருந்ததுண்டு. பிறகு அது தானாகக் குறைந்து, விடியற்காலைத் தும்மலும் மூக்கு ஒழுகலும் மட்டும் மிஞ்சின. எங்கள் பக்கத்தில் அதைப் பீனிசம் என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்ப்போம். 35 வயதில் மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில் ஓடும் ஆசையோடு மீண்டும் காலில் சப்பாத்தை மாட்டினேன். ஆசைக்கு வயதில்லை, முழங்காலுக்கு உண்டு. நீண்ட ஓட்டத்துக்கு மறுநாள் அலுவலகப் படிக்கட்டில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டுதான் ஏறுவேன்.

அந்த நிலையில்தான் சித்திரைப் புத்தாண்டுக்கு முந்திய வாரம் முகநூலில் ஒரு விளம்பரம் வந்தது. வன்னிக் காட்டுப் பூக்களின் மகரந்தம், தேனீக்கள் சேர்த்தது, களைப்பைப் போக்கும், தசைகளை ஆற்றும், எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும், மாதவிடாய் நோவைத் தணிக்கும் என்று அதில் இருந்தது. ஒரே பொருள் இத்தனை வேலையையும் செய்யும் என்று எவராவது எழுதித் தந்தால் அலுவலகத்தில் நான் கோப்பைத் திருப்பி அனுப்பியிருப்பேன். ஆனால் "வன்னிக் காடு" என்ற இரண்டு சொற்களும் என்னைக் கட்டிப்போட்டன. பாலை மரப் பூவின் தேனைப் புட்டோடு குழைத்துத் தின்று வளர்ந்தவர்களுக்குத் தேனீயிடமிருந்து கெடுதி வரும் என்று நினைக்கத் தெரியாது. அப்பம்மா சளிக்கும் தேன் தந்தார், சுட்ட புண்ணுக்கும் தேன் பூசினார். அந்த நம்பிக்கை முழுவதையும் யோசியாமல் இந்தப் போத்தலின்மேல் ஏற்றிவைத்தேன்.

போத்தலுக்குள் மிளகைவிடச் சிறிய மணிகள் இருந்தன. பெரும்பாலும் மஞ்சள், இடையிடையே செம்மஞ்சளும் கபிலமும், ஒன்றிரண்டு சாம்பல். காய்ந்த வைக்கோலின் மணம். வாயில் போட்டால் முதலில் மெல்லிய இனிப்பு, பிறகு மாவாய்க் கரைந்து அடிநாக்கில் ஒரு கசப்பு. ஒவ்வொரு மணியும் ஒரு தேனீ தன் பின்காலிலுள்ள கூடை போன்ற பள்ளத்தில் அப்பிக்கொண்டு வந்த சுமை. பூந்தூளைத் தன் வாயிலிருந்து வரும் ஈரத்தாலும் பூத்தேனாலும் குழைத்து அது உருண்டையாக்குகிறது. கூட்டின் வாசலில் சிறு துளைகளுள்ள தட்டைப் பொருத்தினால், தேனீ நெருக்கி நுழையும்போது உருண்டைகள் உரசி உதிர்ந்துவிடும். அவற்றைச் சேர்த்து உலர்த்தி விற்கிறார்கள். ஒரு தேனீ ஒரு பயணத்தில் பெரும்பாலும் ஒரே வகைப் பூவிடம் போவதால், ஒவ்வொரு நிறத்துக்கும் பின்னால் வேறு செடி இருக்கலாம். இதை விரித்துச் சொல்லக் காரணம், பலவகைச் செடிகளின் மகரந்தத்தை ஒரே கரண்டியில் விழுங்குகிறோம், அவை எந்தச் செடிகள் என்று என் போத்தல் எதிலும் எழுதியிருக்கவில்லை.

முதல் ஆறு வாரமும் நன்றாகவே இருந்தது. அதை மறைத்தால் இந்தக் கணக்குப் பொய்யாகிவிடும். தினமும் காலையில் ஒரு தேக்கரண்டி, மேலே இளஞ்சூட்டு நீர். கால் உளைவு குறைந்தது போலிருந்தது, 5000 மீற்றரில் 40 செக்கன் குறைந்தது. அதே ஆறு வாரத்தில்தான் இரவு ஒன்பது மணிக்குப் படுக்கவும், கிழமையில் இரண்டு நாள் ஓடாமல் ஓய்வெடுக்கவும் தொடங்கியிருந்தேன் என்பதைக் கணக்கில் எடுக்கவில்லை; புகழ் முழுவதும் போத்தலுக்கே போனது. பின்னாளில் தேடி வாசித்தபோது, 1982இல் பிரித்தானிய விளையாட்டு மருத்துவச் சஞ்சிகையில் வெளியான ஓர் ஆய்வு கிடைத்தது. இளம் நீச்சல் வீரர்களில் ஒரு பகுதியினருக்கு மகரந்தச் சாரமும் மற்றவர்களுக்கு வெறும் போலிக் குளிசையும் ஆறு வாரம் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். உடல்திறனில் வேறுபாடு தெரியவில்லை. சளி, தடிமன் போன்ற தொற்றுகளால் தவறிய பயிற்சி நாட்கள் மட்டும் மகரந்தக் குழுவில் 4, மற்றக் குழுவில் 27. அந்தக் கடைசி எண்ணைத்தான் விற்பவர்கள் தூக்கிப் பிடிப்பார்கள், ஆனால் அது மிகச் சிறிய குழு. தசை ஆறும் என்பதற்கு நான் தேடிய அளவில் உறுதியான சான்று எதுவும் அகப்படவில்லை.

புரதக் கணக்கை நானே போட்டுப் பார்த்தேன். மகரந்தத்தில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு புரதம் என்று வைத்தால், 250 கிராம் போத்தலில் 50 கிராம் இருக்கும். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம். ஆக ஒரு போத்தல் எட்டு முட்டைக்குச் சமம். முட்டை ஒன்று 50 ரூபாய் என்றாலும் 400 ரூபாய்க்கு முடிந்துவிடும் காரியத்துக்கு நான் 6,800 கொடுத்திருக்கிறேன். அதிலும் மகரந்தத் துகளின் வெளிச்சுவர் எளிதில் கரையாத உறுதியான பொருளாலானது, உள்ளே இருப்பது முழுவதும் உடம்பில் சேரும் என்பதற்கும் உத்தரவாதமில்லை. அவித்த கச்சானை, அதுதான் நிலக்கடலையை, ஒரு சுண்டு வாங்கித் தின்றிருந்தால் போதும்.

இரண்டாவது போத்தல் பாதியானபோது உடம்பு சொல்லத் தொடங்கியது. விழுங்கிய சில நிமிடங்களில் அண்ணம் கடிக்கும். நாக்கால் அண்ணத்தைச் சொறிவேன். காதுக்குள் கடிக்கும். சில நாட்களில் உதடு மரத்ததுபோல் இருக்கும். அரை மணி நேரத்தில் எல்லாம் அடங்கிவிடும். விற்றவருக்கு வட்ஸ்அப்பில் எழுதிக் கேட்டேன். "உடம்பிலை இருக்கிற நச்சு வெளியேறுது அக்கா, பயப்படாதேங்கோ, விட்டிடாதேங்கோ" என்று குரற்பதிவு வந்தது. அந்தப் பதிவை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன். சாப்பிட்டவுடன் வாயும் காதும் கடிப்பது நச்சு வெளியேறும் அறிகுறியே அல்ல, ஒவ்வாமையின் முதல் தட்டு என்று எனக்குப் பின்னர் வைத்தியர் சொன்னார். அந்தக் கட்டத்தில் நிறுத்தியிருந்தால் 7,500 ரூபாயும் மிஞ்சியிருக்கும், குளக்கட்டுச் சம்பவமும் இருந்திராது.

தும்மல் கூடியதற்கு நான் வாய்க்கால் ஓரத்துப் பார்த்தீனியத்தைக் குற்றம் சொன்னேன். இந்திய அமைதிப்படை கொண்டுவந்த ஆடுகளோடு வந்த செடி என்று ஊரில் சொல்வார்கள். 1999இல் வவுனியாவில் அது இருப்பது பதிவானது, இப்போது வன்னியில் வெறுங்காணி கிடந்தால் முதலில் குடியேறுவது அதுதான். அதன் பூந்தூள் தோலிலும் மூக்கிலும் என்ன செய்யும் என்பது பிடுங்கப் போனவர்களுக்குத் தெரியும். என் குற்றச்சாட்டில் பாதி உண்மை இருந்தது. பார்த்தீனியம் சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தது, விற்பனைக்கு வரும் தேனீ மகரந்தத்திலும் அந்தக் குடும்பத்துச் செடிகளின் தூள் அடிக்கடி கலந்திருக்கும், ஒன்றுக்கு வெகுளுகிற உடம்பு அதன் உறவுக்காரச் செடிக்கும் வெகுளலாம். வருடக்கணக்காக எந்தத் தூளைக் கண்டு தும்மினேனோ, அதன் சொந்தங்களைக் கரண்டியால் அள்ளி விழுங்கிக்கொண்டிருந்தேன் போலும்.

மூன்றாவது போத்தலை முகநூல்காரரிடம் கிடைக்காததால் ஏ9 வீதியோரக் கடையொன்றில் வாங்கினேன். நிறம் வேறு, செம்மஞ்சள் அதிகம். மணிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாய் இருந்தன, மூடியைத் திறக்க லேசான புளிப்பு மணம் வந்தது. அது கெடத் தொடங்கியதன் அடையாளம். புதிதாக எடுத்த மகரந்தத்தில் ஈரம் அதிகம். உடனே நன்றாக உலர்த்தாமலோ குளிரில் வைக்காமலோ விட்டால் பூஞ்சணம் பிடிக்கும். தகரக் கூரைக்குக் கீழே, எங்கள் ஆடி மாத வெக்கையில், அந்தப் போத்தல் எத்தனை கிழமை தட்டில் இருந்ததோ. அன்றைக்கு இதெல்லாம் தெரியாது. போட்டிக்கு மூன்று கிழமைதான் இருந்தது, அதனால் அளவை இரட்டிப்பாக்கினேன்.

ஆவணியில் ஒரு சனிக்கிழமை. முதல்நாள் முழங்கால் நோவுக்கு டைக்ளோஃபெனாக் குளிசை ஒன்று போட்டிருந்தேன், விடிய எழுந்து இன்னொன்றும் போட்டேன். இரண்டு தேக்கரண்டி மகரந்தத்தை நின்றபடியே விழுங்கிவிட்டு, முத்தையன்கட்டுக் குளக்கட்டில் இருள் விலகுமுன்னே ஓடத் தொடங்கினேன். தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று முகத்தில் அடித்தது. இரண்டு கிலோமீற்றர் தாண்டியிருப்பேன், உள்ளங்கையும் உள்ளங்காலும் கடிக்கத் தொடங்கின. சப்பாத்துக்குள் எறும்பு என்று நினைத்துக் கழற்றி உதறினேன். எறும்பில்லை. கையில் தடிப்புத் தடிப்பாய் எழும்பியிருந்தது. வீட்டுக்குப் போய்ப் பிரிற்றன் என்ற ஒவ்வாமைக் குளிசையைப் போட்டால் சரியாகிவிடும் என்று திரும்பி வேகமாக நடந்தேன். இது நான் செய்த மிகப் பெரிய பிழை. நடக்க நடக்க வயிற்றைப் பிசைந்தது, குரல் கம்மியது, விழுங்கப் பார்த்தால் தொண்டையில் எதுவோ குந்தியிருந்தது. பிறகு கண் இருண்டு, கட்டோரத்து மருத மரத்தடியில் விழுந்தேன். எனக்கு அப்போது வந்த நினைப்பு ஒன்றுதான்: கைத்தொலைபேசியை வீட்டில் சார்ஜில் போட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. வலை எடுத்துக்கொண்டு கரையேறிய ஒரு பெரியவர் என்னைக் கண்டு ஓடிவந்தார். "என்ன பிள்ளை, பூச்சி ஏதும் தீண்டிப்போட்டுதோ?" என்றார். விடியாத பொழுதில் எங்கள் ஆட்கள் பாம்பைப் பேர் சொல்ல மாட்டார்கள். என் இரண்டு காலையும் ரோச் லைட் அடித்துத் தடவித் தடவிப் பல்லடையாளம் தேடினார், தோளில் கிடந்த துவாயை எடுத்துக் கணுக்காலுக்கு மேல் கட்டப் போனார். வன்னியில் குளக்கட்டில் ஒருத்தி விழுந்து கிடந்தால் அவர் வேறென்ன நினைப்பார்? நான் தலையை ஆட்டி ஆட்டி, கடைசியில் "சாப்பாடு... ஒத்துக்கொள்ளேல்லை, ஐயா" என்று காற்றாய்ச் சொன்னேன். குளத்து நீரைத் திறந்துவிடும் துருசுப் பக்கம் போனால்தான் சிக்னல் வரும் என்று ஓடிப்போய் அம்புலன்ஸ் இலக்கமான 1990க்கு அழைத்தார். மீன் ஏற்ற வந்த ஒரு தம்பியின் மோட்டார் சைக்கிளில் என்னை நடுவில் இருத்தி வீதிக்குக் கொண்டுபோக, எழுந்து நின்ற அந்தக் கணத்தில் முழுதாய் மயங்கிவிட்டேன். அம்புலன்ஸ் வீதியில் எங்களைச் சந்தித்தது என்று பிறகு சொன்னார்கள்.

வைத்தியசாலையில் தொடையின் வெளிப்பக்கத்தில் அட்றினலின் ஊசி போட்டார்கள். சில நிமிடங்களில் தொண்டை திறந்ததை இன்றும் உணர்கிறேன். கிணற்றுக்குள் இருந்து ஏறி வந்த மாதிரி. பத்து மணிக்கு எனக்கு எல்லாம் சரியாகிவிட்டது, வீட்டுக்கு விடுங்கள் என்று தாதியோடு தர்க்கப்பட்டேன். அவர் விடவில்லை. பின்னேரம் இரண்டு மணிக்கு உடம்பு முழுவதும் மறுபடியும் தடித்து முட்டு வந்தது, மறுபடியும் ஊசி. தணிந்த பிறகும் சில மணித்தியாலங்களில் இரண்டாம் அலை வரலாம் என்பதற்காகத்தான் மறித்து வைக்கிறார்களாம். இப்படிப்பட்ட நிலையில் எவராவது உங்களை வைத்திருந்தால் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடாதீர்கள்.

மறுநாள் வந்த வைத்தியர் போத்தலைக் கொண்டுவரச் சொல்லி, கட்டிலருகில் இருந்து பொறுமையாக விளக்கினார். மகரந்தம் மட்டும் என்றால் ஒருவேளை வாய்க்கடியோடு போயிருக்கும். அதை விழுங்கியவுடன் ஓடியதும், வலிக்குளிசை போட்டதும் ஒவ்வாமையைப் பல மடங்கு தூண்டியிருக்கலாம் என்றார். விளையாட்டுக்காரர்கள் கேட்க வேண்டிய இடம் இதுதான், ஏனென்றால் மகரந்தம், ஓட்டம், வலிக்குளிசை மூன்றையும் ஒரே காலையில் சேர்ப்பவர்கள் நாங்கள். பிரிற்றன் போன்ற குளிசை தடிப்பையும் கடியையும் குறைக்கும், அடைக்கும் தொண்டையையும் விழும் இரத்த அழுத்தத்தையும் அது காப்பாற்றாது. குளிசையை நம்பி நேரத்தைக் கடத்தக்கூடாது. தலை சுற்றினால் நடக்காமல், நிற்காமல், அந்த இடத்திலேயே படுத்துக் காலை உயர்த்தி வைக்க வேண்டும். மூச்சு முட்டினால் காலை நீட்டி உட்கார்ந்திருக்கலாம். உதவிக்கு வருபவரிடமும் 1990இலும் சொல்ல வேண்டிய முதற்சொல் "ஒவ்வாமை, மூச்சு முட்டுது" என்பது; இல்லாவிட்டால் எல்லோரும் பாம்புக்கடியைத் தேடுவார்கள். முட்டு, பீனிசம், பூந்தூள் ஒவ்வாமை, தேனீக் கொட்டு ஒவ்வாமை உள்ளவர்கள் வீட்டில் ஒரு மணியை வைத்துச் சோதித்துப் பார்க்கும் வேலையும் வேண்டாம் என்றார். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் தவிர்ப்பது நல்லது. வார்பரின் போன்ற இரத்தம் உறையாமல் இருக்கும் மருந்து எடுப்பவர்கள் கிளினிக்கில் கேட்காமல் தொடக்கூடாது.

குணமான பிறகு நெடுங்கேணிப் பக்கத்தில் காட்டுத் தேன் எடுக்கும் ஒருவரிடம் போத்தலைக் காட்டினேன். கையில் கொட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "எங்கட தேனீ இவ்வளவு மா தராது பிள்ளை. வதையிலை கொஞ்சம் அடைஞ்சு கிடக்கும், அதை ஒதுக்கிப்போட்டுத்தான் தேனைப் பிழிவம்." அவர் சொன்னதில் பொருள் இருக்கிறது. இலங்கையில் பெட்டியில் வளர்ப்பது சிறிய ஆசியத் தேனீ. உலகச் சந்தைக்கு வரும் மகரந்தத்தின் பெரும்பகுதி வேறு நாடுகளில் வளர்க்கும் ஐரோப்பியத் தேனீயுடையது. வன்னிக் காட்டின் பெயரில் நான் விழுங்கியது பாலை மரமும் வீரை மரமும் இல்லாத ஏதோவொரு தேசத்துச் செடிகளை என்றுதான் இப்போது நினைக்கிறேன். தீக்குச்சியைத் தேனில் தோய்த்து எரித்துப் பார்த்துச் சீனிப்பாணியைக் கண்டுபிடித்துவிட்டதாக நம்புகிற ஆட்கள்தானே நாங்கள், ஏமாற்றுவது கடினமில்லை.

வாங்கியே தீருவேன் என்பவர்களுக்கு: விளைந்த நாடு, தொகுதி இலக்கம், காலாவதித் திகதி, இறக்குமதியாளர் விபரம் இல்லாத போத்தலைத் தொடாதீர்கள்; கட்டிபட்டதையும் புளித்த மணமுள்ளதையும் வாங்காதீர்கள். எடை குறைக்கும் மகரந்தக் குளிசைகள் இன்னும் ஆபத்து. அத்தகைய சிலவற்றில் சிபுட்ரமின் என்ற மருந்து சொல்லாமல் கலக்கப்பட்டிருந்ததாக 2014இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரித்தது. இதயத்துக்குக் கெடுதி என்று 2010இல் அந்நாட்டுச் சந்தையிலிருந்து எடுக்கப்பட்ட மருந்து அது. போட்டிகளில் தடைசெய்யப்பட்ட பொருளும்கூட, ஊக்கமருந்துப் பரிசோதனையில் அகப்பட்டால் "எனக்குத் தெரியாது" என்ற பதில் தண்டனையிலிருந்து காப்பாற்றாது. பற்றுச்சீட்டு எழுதித் தராத கடையில் வாங்கியதால் நான் காசைத் திரும்பக் கேட்க முடியவில்லை. பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் மீதிப் போத்தலை ஒப்படைத்தேன், நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கும் அழைத்து முறைப்பாடு பதிந்தேன்.

இப்போது என் பணப்பையில் மும்மொழியிலும் எழுதிய ஒவ்வாமை அட்டை ஒன்று இருக்கிறது, இடுப்புப் பையில் தொலைபேசி இருக்கிறது, வைத்தியர் எழுதித் தந்த மருந்தும் இருக்கிறது. வடிக்காத காட்டுத் தேனிலும் மகரந்தம் இருக்கும் என்பதால் அதையும் நிறுத்தச் சொல்லிவிட்டார். உண்மையில் 21,100 ரூபாயைவிட எனக்கு வலிப்பது பாலைத் தேன் இல்லாத புட்டுத்தான். ஓட்டத்தை விடவில்லை. அந்தப் பெரியவர் வலை காயப்போடும் நேரம் பார்த்துத்தான் குளக்கட்டுக்குப் போகிறேன். என்னைக் கண்டால் தூரத்திலிருந்தே குரல் கொடுப்பார், "பிள்ளை, இண்டைக்கு என்ன திண்டனீ?" நானும் நின்று, "ஒண்டுமில்லை ஐயா, தேத்தண்ணி மட்டுந்தான்" என்று சொல்லிவிட்டு ஓடுவேன். வீட்டில் இரண்டு முட்டை அவிந்துகொண்டிருக்கும்.